கரைக்கு முதுகு காட்டி

எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. பாட்டிலில் ஊறும் பாம்புகளுக்கும் இரண்டு தலை ஆட்டுக்குட்டிக்கும் நடுவே, முழங்கை நீளத்தில், வெள்ளையாகக் கிளை பிரிந்த ஒரு பவளத் துண்டு அதில் இருக்கிறது. கிடைத்த நாள், ஆழம், கொண்டுவந்தவர் பெயர் எல்லாம் அட்டையில் என் கையெழுத்தில் இருக்கும். 'இடம்' என்ற வரியை மட்டும் நான் பிளேடால் சுரண்டிவிட்டேன். வருஷத்துக்கு ஒரு மாணவியாவது, "இது எங்க கிடைச்சது சார்?" என்று கேட்பாள். "கடல்ல" என்பேன். எலியேசர் சாருக்கு ஞாபகமறதி என்று எனக்குப் பின்னால் சிரிப்பார்கள். மறந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அதைக் கொண்டுவந்தவர் கஸ்பார். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். தூண்டில் போடுகிறவர். என் வயதுதான் இருக்கும். 1995 டிசம்பரில், எங்கள் கல்லூரியில் படித்த மகளைக் கிறிஸ்துமஸ் லீவுக்கு அழைத்துப்போகப் பாளையங்கோட்டைக்கு வந்தவர், ஒரு ஈரச் சாக்கோடு என் அறை வாசலில் நின்றார்.

"சார், இது கல்லா, மரமா? எங்க தூண்டில்ல மாட்டி வந்துச்சு. தண்ணிய விட்டு எடுக்கயில பூவு பூவா விரிஞ்சிருந்துச்சு. கரைக்கு வாரதுக்குள்ள சுருங்கிப் போச்சு."

"எவ்வளவு ஆழத்துல?"

"தொண்ணூறு பாகம்."

பாகம் என்பது ஓர் ஆள் இரண்டு கைகளையும் விரித்த நீளம், ஆறடி. தொண்ணூறு பாகம் என்றால் ஐந்நூறு அடிக்கு மேல். பவளம் வெயில் எட்டுகிற, வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடலில்தான் வளரும் என்று பதினைந்து வருஷமாக வகுப்பில் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். வெளிச்சமே போகாத குளிர்ந்த தண்ணீரிலும் ஒரு வகைப் பவளம் உண்டு, வருஷத்துக்கு நகத்தளவுதான் வளரும், அதன் கிளைகளுக்குள்தான் ஆழத்து மீன்கள் ஒதுங்கும், குஞ்சுகள் வளரும் என்று ஏதோ வடகடலைப் பற்றிய புத்தகத்தில் வாசித்திருந்தேன். அது இப்போது என் மேஜைமேல் சொட்டிக்கொண்டு கிடந்தது. அந்த முழங்கைத் துண்டுக்கே என் வயது இருக்கும்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. "என்ன, புதையல் கிடைச்ச மாதிரி முழிக்கீங்க?" என்றாள் ஃபெபி. என் மனைவி, பள்ளிக்கூட டீச்சர். முழியை வைத்தே பிள்ளைகளைப் பிடிக்கிறவள். புதையல்தான். அது யார் கையில் கிடைத்தது என்பதில்தான் கோளாறு.

மறுநாள் மகளோடு ஊருக்குக் கிளம்பிய கஸ்பாரைப் பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்துக்கொண்டேன்.

"இதக் காப்பாத்தணும் கஸ்பார். விசைப்படகு லாஞ்சுக்காரங்க அங்க கடலடிய வாரிட்டுப் போற இழுவை மடி வலையப் போட்டாங்கன்னா ஒரே நாள்ல எல்லாம் நொறுங்கிரும். அரசாங்கத்துல சொல்லி, சட்டமா எழுதி வைக்கணும்."

அவர் சிரித்தார். "இம்புட்டு நாளும் அதக் காப்பாத்துனது யாருன்னு நெனைக்கிய? மலைதான் சார்."

அப்புறம் விளக்கினார். மூன்று மணி நேரம் ஓடினால் கரை மறைந்துவிடும். மிச்சம் தெரிவது மலை மட்டும். பொதிகையின் உச்சி ஒரு குன்றோடு சேர வேண்டும். தெற்கே மகேந்திரகிரி இன்னொன்றோடு சேர வேண்டும். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் அமைகிற இடம்தான் பார். கடலடியில் மீன் அடைகிற பாறையை அவர்கள் பார் என்பார்கள். ஐப்பசி கார்த்திகை மழை ஆகாயத்தைக் கழுவிவிட்டபின், தை முடிகிறவரை, அதுவும் விடிந்து இரண்டு மணி நேரம்தான் அவ்வளவு தூரத்துக்கு மலை காட்டும். மாசி பிறந்தால் மூட்டம். மலை மறைந்தால் பார் மூடியாயிற்று. அதன்பின் அவர்களே தேடினாலும் கிடைக்காது. வருஷத்தில் பத்து மாதம் அங்கே மீன்கள் நிம்மதியாக இருக்கும். லாஞ்சுக்காரர்கள் அந்தப் பக்கமெல்லாம் வெறும் சகதி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதே பொதிகை எனக்கு மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தெரியும். எங்களுக்குத் தாமிரபரணியை அனுப்புகிற மலை என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அது ஒரு கடலுக்குப் பூட்டும் சாவியுமாக இருந்தது எனக்குத் தெரியாது.

அந்த அடையாளம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், கஸ்பாரும் அவர் தம்பி மனுவேலும். அவர்களுடைய ஐயா சொல்லிக்கொடுத்தது. பாரின் மேல் நின்றுகொண்டுதான் அதைச் சொல்ல வேண்டும். கரையில் பேசக்கூடாது. எழுதவே கூடாது. வெளியாள் யாராவது வள்ளத்தில் வந்தால் கரைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும்.

"சம்மதம்னா ஒங்களக் கூட்டிட்டுப் போறேன் சார். மலையப் பாக்கமாட்டேன்னு வாக்குக் குடுக்கணும்."

கொடுத்தேன். வேதப்புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொல்லியிருந்தாலும் வைத்திருப்பேன். எனக்கு அவ்வளவு அவசரம்.

தை மாதம் போனேன். ஃபெபி கஸ்பார் வீட்டுக்கென்று ஒரு டின் முறுக்கு கொடுத்துவிட்டாள். அதோடு என் பையில் இன்னொன்றும் இருந்தது. என் பழைய வகுப்புத் தோழன் ஒருவன் ஆராய்ச்சிக் கப்பலில் வேலை பார்த்தான். அவனிடம் ஒரு ஜி.பி.எஸ். பெட்டியை இரவல் வாங்கியிருந்தேன். செங்கல் அளவு. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கேட்டு, நாம் நிற்கும் இடத்தை இரண்டு எண்களாகச் சொல்லிவிடும். எங்கள் தொழிலில் இடம் எழுதாத ஆய்வு மாதிரிக்கு மதிப்பில்லை. விலாசம் இல்லாத கடுதாசி மாதிரி, யாரும் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். அந்த அட்டைக்காகத்தான், வேறு எதற்குமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வள்ளத்தில் ஏறி அரை மணி நேரத்தில் எனக்கு வாந்தி. மனுவேல் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீறி என் மூக்கில் வைத்தான். முப்பது வயது இருக்கும். வாய் ஓயாது.

"வெக்கப்படாதீங்க சார். மொத நாளு எங்க அண்ணனும் இப்படித்தான் கக்குனான்."

"ஏலே, நான் எப்பலே கக்குனேன்? நீ அப்பப் பெறக்கவே இல்ல."

"ஐயா சொன்னாவ."

பொழுது விடிந்தது. நான் கரைக்கு முதுகு காட்டி, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு, வெறும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என் தலைக்கு மேலே கஸ்பாரின் கண்கள் எதையோ அளந்துகொண்டிருந்தன. "இன்னும் கொஞ்சம்... பைய... பைய... நிறுத்துலே" என்றார். மோட்டார் நின்றது.

ஈயக்குண்டு இறங்க வெகுநேரம் ஆனது. முதலில் வந்தது ஒரு களவா மீன், பச்சைப்பிள்ளை கனம். தூண்டில் நுனியில் ஒரு வெள்ளைப் பவளத் துணுக்கும் கூடவே வந்தது. அதன் முனைகளில் வெளிர் நிறத்தில் பூப்போல விரல்கள், அப்போதும் அசைந்துகொண்டு. நான் என்னை மறந்து சத்தம் போட்டேன். இன்னும் மூன்று களவா வந்தன. நான்காவதற்கு வயிறு உப்பியிருந்தது. கஸ்பார் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் தூண்டிலைச் சுருட்டினார்.

"சினை வர ஆரம்பிச்சிட்டு. இந்த வருசத்துக்குப் போதும்."

அவர்கள் சுருட்டிக்கொண்டிருக்கும்போதுதான் பைக்குள் கைவிட்டு நான் பொத்தானை அமுக்கினேன். பெட்டி 'கீச்' என்றது.

"அது என்ன சார்?" என்றான் மனுவேல்.

"ரேடியோ மாதிரி."

"அப்பப் பாட்டு வைங்க."

"இங்கன எடுக்காது."

அவன் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு மீனுக்கு ஈரச்சாக்குப் போர்த்தப் போய்விட்டான். நான் கொடுத்த வாக்கை மீறவில்லை. ஊர் வந்து சேரும்வரை மலையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இந்த மாதிரி நேர்மை என்னிடம் நிறைய உண்டு.

பாரைக் காக்கச் சொல்லி நான் எழுதிய அரசு அலுவலகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் மேல் தப்பும் இல்லை. முதலில் நான் எண்களைப் போடாமல்தான் எழுதினேன். மன்னார் வளைகுடாவின் தெற்கே, ஆழத்தில், இப்படி ஓர் அரிய பவளப் பார் இருக்கிறது, இழுவை மடியைத் தடை செய்ய வேண்டும் என்று நாலு பக்கம். மூன்று வாரத்தில் பதில் வந்தது, ஒரே வரி. இடம் குறிப்பிடப்படாததால் நடவடிக்கை எடுக்க இயலவில்லை.

நியாயம்தானே? எந்த வீடு என்று சொல்லாமல் யார் காவல் போடுவார்கள்? இரண்டாவது கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். ஃபெபி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"கஸ்பார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்பாரு."

"வேண்டாம்பாருன்னு தெரிஞ்சுமா எழுதுதீங்க?"

"அவருக்காகத்தான எழுதுதேன்."

"அவருக்காகன்னா அவர்கிட்ட கேக்கதுக்கு என்ன?" என்றாள். நான் தொடர்ந்து எழுதினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பவளத்துக்கு என் பெயரையே வைத்துவிடுவார்களோ என்று ஒரு நாள் பல் தேய்க்கும்போது யோசித்திருக்கிறேன்.

எண்களைப் போட்டேன். அரசாங்கம் வேகமாக வேலை செய்து என் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன், அது அந்த முறை. சித்திரை பிறப்பதற்குள் தடை அறிவிப்பு வந்துவிட்டது. இன்ன அட்சரேகை, இன்ன தீர்க்கரேகை, அதைச் சுற்றி இரண்டு மைல் சதுரத்தில் எவரும் இழுவை மடி போடக் கூடாது. நல்ல தமிழில் அச்சடித்து, மீன்பிடித் துறைமுகம் ஒவ்வொன்றிலும் சுவரில் ஒட்டினார்கள். எனக்கும் ஒரு நகல் வந்தது. ஃபெபியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தாள்.

"இங்க மீன் இருக்குன்னு சுவத்துல எழுதிப் போட்டிருக்காங்க" என்றாள்.

கோபம் வந்தது எனக்கு. எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிக்கிறாள் என்று கத்தினேன். கரையிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் யார் போய்க் காவல் நிற்பார்கள் என்று அவளும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பெரிய லாஞ்சுகளில் அந்த வருஷம்தான் நான் இரவல் வாங்கிய பெட்டியைப் போல ஒவ்வொன்று வாங்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்தப் பெட்டிக்கு மலை வேண்டாம், மழை வேண்டாம், தை மாதமும் வேண்டாம். எண் இருந்தால் போதும்.

1997 ஜனவரியில் கஸ்பார் வீட்டுக்கு வந்தார். உடன்குடிக் கருப்பட்டி ஒரு ஓலைப்பெட்டி கொண்டுவந்திருந்தார். ஃபெபி காபி கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை, ஆறி ஆடை படியும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

"மலை காட்டுச்சு சார். போனோம். மூணு நாளு தூண்டி சும்மா வந்துச்சு. நாலாம் நாளு இதுதான் வந்துச்சு."

மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உடைந்த வெள்ளைக் குச்சிகள், சகதி அப்பி. ஒன்றுகூட என் விரல் நீளம் இல்லை.

"லாஞ்சுக்காரங்க சித்திரையிலேருந்து வெள்ளைக் கல்லா மடியில அள்ளிட்டு வந்து துறைமுகத்துல கொட்டியிருக்காங்க. எனக்கு இப்பத்தான் தெரியும். நீங்க பாடுபட்டு சட்டமும் வாங்கிட்டிய. சுவத்துல ஒட்டியிருக்கு, பாத்தேன். என்னமோ நம்பரா இருந்துச்சு. என்ன பிரயோசனம் சார்? சட்டம் வாரதுக்குள்ள மனுவேலு பார வித்துப்புட்டான்."

"மனுவேலா?"

"அடையாளம் தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. நான் விக்கல. போன வருசத் தையிலேயே லாஞ்சுக்காரன கூட்டிட்டுப் போயி மிதவை போட்டுக் காட்டியிருக்கான். கெபியில, மாதா முன்னால வச்சு சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணுனான். பண்ணிட்டு என்ன சொல்லுதான் தெரியுமா? 'அண்ணே, சாரு வச்சிருந்தது ரேடியோ இல்ல, அது கத்துனப்ப அவரு மொகத்தப் பாத்தேன்'ங்கான். படிச்ச மனுசன் மேல பழி போடுதியாலேன்னு செவுட்டுல ஒண்ணு வச்சேன். ஊரே பாத்துச்சு. பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிட்டு கொல்லம் பக்கம் போயிட்டான். அங்கன லாஞ்சுல வேலையாம்."

ஃபெபி அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிற்காமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"கஸ்பார், மனுவேல் சொன்னது நிசம். நான்தான் சொன்னேன். அந்தப் பெட்டி இடத்தைக் குறிச்சுக்கும். சுவத்துல இருக்கிற நம்பர் நான் கொடுத்தது."

அவர் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எந்த எதிரிக்கும் விரும்பமாட்டேன்.

"நல்ல மனசு சார் ஒங்களுக்கு. அண்ணன் தம்பிய சேத்து வைக்கணும்னு சொல்லுதிய. நீங்க மலையப் பாக்கவே இல்ல. நான் அன்னைக்குப் பூரா ஒங்களத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்."

செயற்கைக்கோளைப் பற்றிச் சொன்னேன். கரும்பலகை இல்லாத குறையாகத் தாளில் படம் போட்டேன். "வானத்துலேருந்து பாத்தா கடலுக்குள்ள பாரு தெரியுமாக்கும்?" என்றார். பார் தெரியாது, நாம் இருக்கிற இடம்தான் தெரியும் என்றேன். மலையைப் பார்க்காமல் எப்படி இடம் தெரியும் என்று கேட்டார். வாக்குக் காத்தவன் என்று என்னை நம்பினார். அந்த நம்பிக்கை மனுவேலின் கழுத்தில் சுருக்காகக் கிடந்தது.

"மலை தெரியாத ஒரு நாள்ல என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றேன் கடைசியில். "நான் காட்டுதேன்."

தோழனிடமிருந்து பெட்டியை மறுபடி இரவல் வாங்கப் பங்குனி ஆகிவிட்டது. திருச்செந்தூர் பஸ்ஸில் காவடிகளுக்கு நடுவே அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். காவடி எடுத்தவர்களுக்கு இறக்கிவைக்க ஒரு கோயில் இருந்தது.

வள்ளத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். விடிந்தும் கரைப்பக்கம் வெறும் வெள்ளை மூட்டம். பொதிகையும் இல்லை, மகேந்திரகிரியும் இல்லை. கஸ்பார் பழக்கத்தில் இரண்டுமுறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்து வழி சொன்னேன். கொஞ்சம் தெற்கே. நேராக. இன்னும் கொஞ்சம். அவர் திருப்பிக்கொண்டே வந்தார், பிள்ளை விளையாட்டுக்கு இணங்குகிறவர்போல.

"நிறுத்துங்க" என்றேன்.

மோட்டாரை நிறுத்திவிட்டு ஈயக்குண்டை இறக்கினார். கயிறு அவர் விரல்களுக்கு நடுவே ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் உதடு பாகம் பாகமாக எண்ணிக்கொண்டிருந்தது. அதே தொண்ணூறில் கயிறு தளர்ந்தது. எண்ணுவதை நிறுத்திவிட்டு, கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

மேலே இழுத்தார். தூண்டிலில் மீன் இல்லை. ஈயக்குண்டில் சாம்பல் நிறச் சகதி. சகதிக்குள் நகத்தளவு ஒரு வெள்ளைத் துண்டு, ஒரு வருஷ வளர்ச்சி. அதைக் கடல் தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"அவன் சொன்னான் சார்" என்றார். "மாதா முன்னால சொன்னான். செவுட்டுல வச்சேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தையில் கேட்டேன் என்று நினைவில்லை. மனுவேலுக்கு நானே கடிதம் எழுதுகிறேன், கொல்லத்துக்கே போய்ச் சொல்கிறேன் என்றேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. அந்தத் துண்டைக் கடலில் போட்டுவிட்டு மோட்டாரைக் கிளப்பினார்.

கரைக்குத் திரும்புகிற வழியில், பழக்கதோஷம், நான் கரைக்கு முதுகு காட்டி, சுக்கானைப் பிடித்திருந்த அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். கொஞ்சதூரம் அப்படியே வந்தோம்.

"சார்" என்றார் கஸ்பார். "திரும்பிக்கோங்க. இனி நீங்க கரையப் பாத்தே உக்காரலாம். மறைக்கதுக்கு அங்கன ஒண்ணுமில்ல."

திரும்பி உட்கார்ந்தேன். கரை வர மூன்று மணி நேரம் ஆயிற்று. எனக்குப் பின்னால் அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது.